பட்டயம் தொலைந்த சிலுவைகள்

இத்தாலியின் சவோய் குடும்பத்து இளவரசர் அமதேயோ, ஸ்பெயினின் புது அரசராகக் கார்த்தஹேனா துறைமுகத்தில் வந்து இறங்கியது 1870 டிசம்பர் 30. ஐரோப்பா முழுக்கத் தேடி அவரைக் கண்டுபிடித்து, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தி அரியணைக்கு அழைத்துவந்தவர் ஜெனரல் பிரிம். அந்தப் பிரிமை மூன்று நாள் முன்பு மாட்ரிட் தெருவில் சுட்டுவிட்டார்கள். அரசர் கரையேறிய அதே நாளில் அவர் இறந்தும் போனார். தலைநகருக்கு வந்த அமதேயோவின் முதல் வேலைகளில் ஒன்று, தன்னை அழைத்தவரின் சடலத்தைப் போய்ப் பார்ப்பது. ஆட்சி இரண்டு ஆண்டும் சில வாரங்களும் ஓடியது. 1873 பிப்ரவரி 11ஆம் தேதி, போதுமடா சாமி என்று முடியைத் துறந்துவிட்டு ஊர் திரும்பினார்.

இந்தக் குறுகிய ஆட்சிக்குள் அவர் ஒரு விருதையும் நிறுவியிருந்தார். 1871 ஜூலை 7ஆம் தேதி, அரசியின் பெயரில், ‘மரியா விக்டோரியா குடிமை விருது’. படைவீரர்களுக்கோ பிரபுக்களுக்கோ அல்ல. கல்வி, அறிவியல், இலக்கியம், கலைகளில் உழைத்தவர்களுக்கு. பெயருக்குரிய அரசியும் அப்படிப்பட்டவர்தான். மன்சனாரெஸ் ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் பெண்கள் வேலை முடிக்கும்வரை அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மாட்ரிடில் ஒரு காப்பகம் தொடங்கினார். 1876இல், 29 வயதில் இறந்தார். விருது அவருக்கு முன்பே, 1873இல், போய்விட்டது.

இரண்டு ஆண்டுகூட முழுதாக வாழாத இந்த விருதின் சிலுவை ஒன்று ஏலத்துக்கு வந்தால், ஸ்பெயினின் பழைய பதக்கங்களைச் சேகரிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பெற்றவர்கள் குறைவு, தப்பிப் பிழைத்த சிலுவைகள் அதைவிடக் குறைவு. அந்த நாட்டின் குடிமைப் பதக்கங்களைச் சேர்ப்பவர் உண்மையில் எதைச் சேர்க்கிறார் என்பதற்கு அமதேயோவின் கதையே நல்ல எடுத்துக்காட்டு. 19, 20ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அரசர்கள் துரத்தப்பட்டார்கள், திரும்பி வந்தார்கள். குடியரசு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் போனது. சர்வாதிகாரம் வந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு உட்கார்ந்தது. ஒவ்வொரு புது ஆட்சியும் முந்தையதன் விருதுகளில் சிலவற்றை ஒழித்தது, தன் பங்குக்குச் சிலவற்றைப் புதிதாக நிறுவியது. ஆட்சிகள் போன பிறகும் எனாமல் பூசிய சிலுவைகள் மேசை இழுப்பறைகளில் கிடந்தன.

போர்ப் பதக்கங்களுக்கு எல்லா நாட்டிலும் கிராக்கி உண்டு. வீரம், குண்டு, சண்டை நடந்த மலை என்று அவற்றுக்கு ஒரு கதை தயாராக இருக்கும். குடிமைப் பதக்கங்களின் கதை அப்படி எளிதில் கையில் கிடைப்பதில்லை. பெற்றவர் காலரா வார்டில் நின்ற மருத்துவராக இருக்கலாம், கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருக்கலாம், திராட்சைத் தோட்டத்து விவசாயியாகவோ ஏதோ ஒரு சிற்றூரின் மேயராகவோ இருக்கலாம். பெரும்பாலான சிலுவைகளில் பெயர் பொறிக்கப்பட்டிருக்காது. யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் சேகரிப்பாளரின் பெரிய வேலை. அதற்கு உலோகம் உதவாது; காகிதம் வேண்டும்.

முதலில், சேகரிக்கவே முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடலாம். ஸ்பானிய விருதுகளிலேயே புகழ்பெற்றது ‘தங்க ஆட்டுத்தோல்’. 1430இல் புருஜ் நகரில், பர்கண்டியின் கோமகன் பிலிப் தன் திருமணத்தையொட்டி நிறுவியது. ஜப்பானின் அகிஹிதோ, இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ஆகியோருக்கெல்லாம் வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் தங்கக் கழுத்துமாலை பெற்றவருக்குச் சொந்தமாவதில்லை. அவர் இறந்ததும் குடும்பத்தார் அரசிடம் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆகவே கழுத்துமாலை ஒன்று சந்தைக்கு வந்தால் சேகரிப்பாளர் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். பெற்றவர்கள் தங்கள் செலவில் வைரம் இழைத்துச் செய்துகொண்ட சிறிய ஆட்டுத்தோல் நகைகள் வேறு விஷயம். அவை அவரவர் சொத்து, விற்கலாம், வாங்கலாம்.

சேகரிப்பாளருக்கான வரலாறு மூன்றாம் கார்லோஸில் தொடங்குகிறது. பட்டத்து இளவரசருக்கு ஒரு மகன் பிறந்த மகிழ்ச்சியில், 1771 செப்டம்பர் 19ஆம் தேதி தன் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தினார் அந்த அரசர். ‘நற்பண்புக்கும் தகுதிக்கும்’ என்று பொருள்படும் இலத்தீன் வாசகம், நடுவில் அமலோற்பவ மாதாவின் உருவம், இளநீலமும் வெள்ளையுமான பட்டை. தகுதிக்கு என்று எழுதி வைத்தாலும், தொடக்கத்தில் பரம்பரையும் கேட்டார்கள். தான் பிரபு வம்சம் என்பதை விருதுக்குரியவர் ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்று, திருமணப் பதிவு, பாட்டன் பூட்டன் வரலாறு என்று கட்டுக்கட்டாகச் சேர்ந்த அந்தக் கோப்புகள் இன்றும் மாட்ரிடின் தேசிய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசர் கேட்ட அந்தச் சலிப்பூட்டும் சம்பிரதாயம், இருநூறு ஆண்டு கழித்துக் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குப் பொக்கிஷமாகிவிட்டது.

அந்தக் காலத்து விருதுகளை எப்படி அணிந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பிராடோ அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். கோயா 1800இல் வரையத் தொடங்கிய ‘நான்காம் கார்லோஸின் குடும்பம்’ ஓவியத்தில் அரசர் உள்ளிட்ட ஆண்கள் இளநீலம்-வெள்ளைப் பட்டையோடு நிற்கிறார்கள். பெண்களின் பட்டை வேறு, ஊதாவும் வெள்ளையும். அது 1792இல் அரசி மரியா லூயிசாவின் பெயரில் உயர்குலப் பெண்களுக்கென நிறுவப்பட்ட தனி விருது. மூன்றாம் கார்லோஸ் விருது பெண்களுக்குத் திறக்கப்பட 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓவியத்தில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. மார்பில் மின்னும் நட்சத்திரங்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் உலோகமே அல்ல. வெள்ளிச் சரிகையும் ஜிகினாவும் வைத்துக் கோட்டின்மேல் தைத்தவை. துணி மக்கியபோது அவையும் மக்கின. தப்பித்த சரிகை நட்சத்திரம் ஒன்று கிடைத்தால், அதைத் துடைக்கவோ துவைக்கவோ நினைப்பதுகூடப் பாவம்.

அடுத்த விருதில் ஒரு வரலாற்றுக் குறும்பு இருக்கிறது. 1815 மார்ச் 24ஆம் தேதி ஏழாம் பெர்னாண்டோ நிறுவியது ‘கத்தோலிக்க இசபெல்’ விருது. கொலம்பஸுக்குக் கப்பல் கொடுத்தனுப்பிய அரசியின் பெயர். தொடக்கத்தில் அதன் முழுப் பெயரிலேயே ‘அமெரிக்க’ என்ற சொல் இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் ஸ்பெயினுக்கு விசுவாசமாக நின்றவர்களுக்குப் பரிசளிப்பது நோக்கம். ஆனால் அந்த நேரத்தில்தான் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை விடுதலைப் போர் மூண்டிருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கண்டத்துப் பெருநிலம் முழுவதும் கைவிட்டுப் போனது. கியூபா, புவேர்த்தோ ரிக்கோ தீவுகள் மட்டும் மிஞ்சின. விசுவாசத்துக்கான விருது மட்டும் நிலைத்தது. 1847இல் பெயரிலிருந்து ‘அமெரிக்க’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, பொதுவான விருதாக மாற்றிக்கொண்டார்கள். இன்று வெளிநாட்டுத் தூதர்களுக்கு ஸ்பெயின் அதிகம் வழங்கும் விருதுகளில் இதுவும் ஒன்று.

இந்தச் சிலுவையைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஸ்பானியச் சேகரிப்புகளில் அதிகம் எதிர்ப்படுவது இதுதான். சிவப்பு எனாமல் பூசிய நான்கு கைகள், கைகளுக்கிடையே தங்கக் கதிர்கள். மேலே தொங்கவிடும் வளையத்துக்குக் கீழே ஒரு லாரல் இலை வளையம், பச்சை எனாமலில். நடுவட்டத்தில் ஹெர்குலிஸின் இரண்டு தூண்கள், அவற்றுக்கிடையே இரண்டு பூகோளங்கள், பழைய உலகும் புதிய உலகும். சுற்றியுள்ள வெள்ளை வளையத்தில் ‘புடமிட்ட விசுவாசத்துக்கு’ என்று பொருள்படும் ஸ்பானிய வாசகம். திருப்பினால் நிறுவிய அரசரின் பெயரெழுத்துச் சின்னம். மஞ்சளும் வெள்ளையுமான ரிப்பன். நடுவட்டம் முழுவதும் ஒரு கட்டைவிரல் நகத்துக்கு மேல் பெரிதாக இராது. ஆனாலும் நல்ல கைவேலையில் பூகோளங்களின் வளைவைக்கூட உருப்பெருக்கியில் தனித்துப் பார்க்கலாம். மலிவுப் பிரதியில் இரண்டு மஞ்சள் புள்ளிதான் தெரியும்.

ஒரே விருது, ஒரே படிநிலை, ஒரே ஆண்டு. ஆனால் ஒரு சிலுவை தங்கம், இன்னொன்று முலாம் பூசிய வெள்ளி, மூன்றாவது வெண்கலம். ஏன்? விடை எளிது: பெற்றவர் காசு கொடுத்து வாங்கியது.

நம் ஊரில் பத்ம விருது என்றால் அரசே பதக்கத்தைக் கையில் தந்துவிடும். பழைய ஸ்பெயினில் அரசு தந்தது கௌரவத்தையும் பட்டயத்தையும். சிலுவையை அவரவர்தான் பதக்கக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டயத்துக்கே கட்டணம் உண்டு. ‘கட்டணமில்லாமல்’ என்று குறிப்பிட்டு விருது வழங்கினால் அது தனிச் சலுகை. பணக்காரர் வைரம் பதித்தார். அரசாங்க எழுத்தர் வெள்ளியில் சாதாரணமாகச் செய்துகொண்டார். நண்பர்களும் ஊர்க்காரர்களும் பணம் வசூலித்து வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அப்படிப்பட்டவற்றின் பின்புறத்தில் சில சமயம் அவர்கள் வாழ்த்து பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் தெரியாத சிலுவைக் குவியலில் இப்படி ஒன்று கிடைத்தால் அது தனி அதிர்ஷ்டம்.

இதனால் சேகரிப்பாளர் பதக்கத்தோடு பதக்கக் கடைகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. மாட்ரிடில் 1860இல் தொடங்கிய செஹால்வோ நிறுவனத்தின் பெயர் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பாரிஸ் பொற்கொல்லர்களும் ஸ்பானிய விருதுகளை ஏராளமாகச் செய்தார்கள், அங்கே வாங்கிவருவது ஒரு கௌரவமாகவே இருந்தது. ஸ்பானியச் சிலுவையின் தங்க வளையத்தில் பிரெஞ்சு அரசின் கழுகுத்தலை முத்திரை தெரிந்தால், புதிதாகச் சேர்ப்பவர் போலி என்று பதறிவிடுவார். பழகியவர் சிரித்துக்கொள்வார். அது 1838 முதல் பிரான்ஸில் தங்கத்தின் தரத்துக்கு இடும் முத்திரை. பதக்கத்தின் மதிப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. பதக்கப் பெட்டியின் உள்மூடியில், பட்டுத்துணியின் மேல் தங்க எழுத்தில் அச்சிட்ட கடையின் பெயரும் முகவரியும் இன்னொரு துப்பு. கடை எந்த ஆண்டுகளில் எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்தால், சிலுவையின் வயது ஓரளவு பிடிபட்டுவிடும். காலிப் பெட்டிகளுக்கும் சந்தையில் விலை இருப்பது இதனால்தான். அதில் ஒரு ஆபத்தும் உண்டு: பொருந்தாத பெட்டிக்குள் பொருந்தாத சிலுவையை வைத்து ஜோடி சேர்த்து விற்பவர்களுக்கும் இந்த விலை தெரியும்.

குடிமைப் பதக்கங்களில் நெஞ்சைத் தொடும் பகுதி எது என்று கேட்டால், நோய்களோடு வந்தவற்றைத்தான் சொல்ல வேண்டும். 1833-34இல் காலரா முதல் முறையாக ஸ்பெயினுக்குள் புகுந்து நாட்டை உலுக்கியது. அதன் பின்னால், 1838இல், ‘கொள்ளைநோய்ச் சிலுவை’ வந்தது, தொற்றுக்கு அஞ்சாமல் நோயாளிகளோடு நின்ற மருத்துவர்களுக்காக. 1854-55இல் மீண்டும் காலரா. இந்த முறை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1856இல், இரண்டாம் இசபெல் அரசி ‘பெனெஃபிசென்சியா’ என்ற அறப்பணி விருதை நிறுவினார். பேரிடரில் உயிரைப் பணயம் வைத்தவர், சொந்தச் செலவில் பிறரைக் காத்தவர், ஆணோ பெண்ணோ, பிரபுவோ பாமரரோ, யாரும் பெறலாம். விருது என்றாலே வம்சம் பார்த்த நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. வெள்ளத்தில் குதித்துக் குழந்தையைத் தூக்கியவரும், கடலில் மூழ்கும் படகிலிருந்து ஆட்களை இழுத்துப்போட்ட மீனவரும், தீக்குள் நுழைந்த காவலரும் இந்தப் பட்டியலில் அமைச்சர்களோடு ஒன்றாக வருகிறார்கள்.

பெனெஃபிசென்சியா சிலுவைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதை வழங்குவதற்கு முன் விசாரணை நடக்கும். என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எவ்வளவு ஆபத்து என்று சாட்சிகளைக் கேட்டுக் கோப்பு தயாரிப்பார்கள். முடிவு அரசிதழான ‘காசேட்டா தெ மாட்ரிட்’டில் வரும். அதனால் பட்டயத்தில் ஒரு பெயரும் தேதியும் மிஞ்சியிருந்தால், அந்த மனிதர் எந்த ஆற்றில், எந்த இரவில், யாரைக் காப்பாற்றினார் என்பது வரை போய்விட முடிகிறது. பட்டயம் தொலைந்திருந்தால் அதே சிலுவை, அழகான எனாமல் வேலைப்பாடு, அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

கொள்ளைநோய்ச் சிலுவையின் இடத்தில் 1943இல் சுகாதாரக் குடிமை விருது வந்தது. பெனெஃபிசென்சியா 1988 வரை நீடித்து, அந்த ஆண்டில் ‘சமூக ஒருமைப்பாட்டு’ விருதுக்கு வழிவிட்டது. கருணை என்ற கருத்தின் இடத்தில் ஒருமைப்பாடு என்ற கருத்து உட்கார்ந்துகொண்டது. ஜனநாயக ஸ்பெயின் தன்னை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதற்கு இந்தப் பெயர் மாற்றம் ஒரு சிறிய அடையாளம்.

பதக்கங்கள் பெருகியது பதின்மூன்றாம் அல்போன்சோவின் காலத்தில். 1902 மே 17ஆம் தேதி, 16 வயதில், ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அதற்கு ஒரு நினைவுப் பதக்கம். ஆறே நாளில், இறந்த தந்தையின் நினைவாகக் கல்வி, கலைகளுக்கென ‘பன்னிரண்டாம் அல்போன்சோ விருது’. 1905இல் விவசாயத்துக்கு ஒன்று. 1926இல் தொழிலாளருக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ‘உழைப்புப் பதக்கம்’. அதே ஆண்டு ஜூன் 25இல், எந்தத் துறையானாலும் பொதுச்சேவைக்கு ‘மெரிட்டோ சிவில்’ என்ற குடிமைத் தகுதி விருது, நீல ரிப்பனின் நடுவே தங்கக் கோட்டோடு. அரசரின் ஆட்சி ஆட்டம் காணத் தொடங்கிய ஆண்டுகளில்தான் பதக்கங்கள் கூடுதலாக வந்தன என்று கவனிப்பவர்களும் உண்டு. 1925 ஜனவரி 23, அரசரின் பெயர்நாளில், நாடெங்குமிருந்து மேயர்கள் மாட்ரிடில் கூடி அரசருக்கும் அரசிக்கும் மரியாதை செலுத்தினார்கள். அதன் நினைவாக வெளியான பதக்கம் இன்று பழம்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. சேகரிக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்.

பன்னிரண்டாம் அல்போன்சோ விருதோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதையை ஸ்பெயினில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நரம்பியல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ராமோன் இ காஹால் போன்றவர்களின் வரிசையில், 1905இல் எழுத்தாளர் மிகேல் தெ உனாமுனோவுக்கும் அது வழங்கப்பட்டது. அரசரைப் பார்க்கப் போன உனாமுனோ, தனக்கு மிகவும் தகுதியான விருது என்று சொல்லி நன்றி கூறினாராம். மற்றவர்கள் எல்லாம் தங்களுக்குத் தகுதியில்லை என்றல்லவா சொல்கிறார்கள் என்று அரசர் வியந்தாராம். அவர்களுக்கு உண்மையிலேயே தகுதி கிடையாது என்றாராம் உனாமுனோ. நடந்ததோ இல்லையோ, ஆளுக்குப் பொருந்தும் கதை. அதே உனாமுனோவைத்தான் 1924இல் சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேரா ஃபுவெர்தேவென்துரா தீவுக்கு நாடுகடத்தினார்.

1931 ஏப்ரலில் அரசர் வெளியேறினார்; இரண்டாம் குடியரசு வந்தது. மூன்றாம் கார்லோஸ் விருது, மெரிட்டோ சிவில் எல்லாம் ஒழிக்கப்பட்டன. கத்தோலிக்க இசபெல் விருதைக் குடியரசு விட்டுவைத்தது; வெளிநாட்டாருக்குக் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டுமே. 1932இல் குடியரசு தன் பெயரிலேயே ஒரு விருதையும் நிறுவியது. அந்த ஆண்டுகளின் அரசுச் சின்னங்களில் அரச கிரீடம் போய், கோட்டை மதில் வடிவக் கிரீடம் வந்திருப்பதைப் பார்க்கலாம். பதக்கத்தின் தலையில் இருக்கும் கிரீடத்தைப் பார்த்தே ஆட்சியைச் சொல்லிவிடும் பழக்கம் சேகரிப்பாளர்களுக்கு உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பினால் கவிழ்ந்துவிடுவார்கள். பழைய அச்சுகளைப் பதக்கக் கடைகள் அவ்வளவு சீக்கிரம் தூக்கிப்போடுவதில்லை. கிரீடத்தை மட்டும் மாற்றி ஒட்டுவது மோசடிக்காரர்களுக்கும் கடினமான வேலை அல்ல. குடியரசுப் பதக்கங்கள் ஏன் அரிது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். உள்நாட்டுப் போர் முடிந்த 1939க்குப் பிறகு, குடியரசு கொடுத்த கௌரவத்தை வீட்டில் வைத்திருப்பதே வம்பு.

சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி போர் முடிவதற்கு முன்பே, 1937இல், ‘நுகமும் அம்புகளும்’ என்ற விருதை நிறுவியது. முதல் ஆண்டிலேயே அதன் உயரிய படிநிலை முசோலினிக்கும் ஹிட்லருக்கும் போனது. 1939இல் பன்னிரண்டாம் அல்போன்சோ விருதின் இடத்தில், இடைக்காலத்து அறிஞர்-அரசர் பத்தாம் அல்போன்சோவின் பெயரில் கல்வி விருது வந்தது. பெனிசிலின் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1948இல் பெற்றது அதுதான். மூன்றாம் கார்லோஸும் மெரிட்டோ சிவிலும் 1942இல் மீண்டும் உயிர்பெற்றன. அரசர் இல்லாத நாட்டில் அரசர் பெயரில் விருதுகள்!

இந்தக் காலத்துப் பதக்கங்களைச் சேர்ப்பதில் தயக்கம் உள்ளவர்கள் பலர், தயக்கமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 2022இல் வந்த ஜனநாயக நினைவுச் சட்டம், அந்த ஆட்சியை உயர்த்திப்பிடிக்கும் கௌரவங்களை மறுபரிசீலனை செய்து திரும்பப் பெற வழிவகுத்தது. கௌரவத்தைத் திரும்பப் பெறலாம். இழுப்பறையில் கிடக்கும் உலோகம் எங்கே போகும்? வரலாற்றுச் சான்றாக வைத்திருப்பதற்கும் பெருமையோடு காட்சிக்கு வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு சேகரிப்பாளரும் தன் அலமாரியில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹிட்லர் பெற்ற வகை என்று விளம்பரம் செய்து விற்பவரிடம் வாங்காமல் இருப்பது குறைந்தபட்ச நாகரிகம்.

மாட்ரிடில் ஞாயிறு காலையில் பிளாசா மயோர் சதுக்கத்தின் வளைவுகளுக்கடியில் தபால்தலை, நாணய வியாபாரிகள் கடை விரிப்பார்கள். சற்றுத் தள்ளி ராஸ்த்ரோ பழம்பொருள் சந்தை. தட்டில் குவிந்து கிடக்கும் சிலுவைகளில் ஒன்றை எடுத்ததும் அனுபவசாலி பார்ப்பது எனாமலை. உண்மையான எனாமல் என்பது உலோகத்தின்மேல் பொடித்த கண்ணாடியை வைத்து உலையில் உருக்கியது. உடைந்தால் கண்ணாடி உடைவது போலச் சிப்பி வடிவத்தில் சில்லு பெயரும். அதைச் சரிசெய்ய மறுபடி உலையில் வைத்தால் பற்றவைத்த இடங்கள் எல்லாம் விட்டுப்போகும் என்பதால், பெரும்பாலோர் நிறச் சாயத்தைக் குழைத்து நிரப்பிவிடுவார்கள். சாய்த்து வெளிச்சத்தில் காட்டினால் அந்த இடம் மட்டும் மங்கும். ஊசிமுனை பட்டால் கண்ணாடியில் வழுக்கும், சாயத்தில் பதியும். கடைக்காரர் முன்னால் ஊசியை எடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது ரிப்பன். பழைய பட்டு நாடா மடிப்புகளில் நைந்து, ஓரத்தில் நிறம் வெளிறி இருக்கும். சந்தேகம் வந்தால் புறஊதா விளக்கைப் பிடிப்பார்கள். பிற்காலத்துச் செயற்கை இழைகளிலும், வெண்மைக்காக ரசாயனம் சேர்த்த நூல்களிலும் வெள்ளைப் பகுதி நீலமாகப் பளிச்சென்று ஒளிரும். நூறு வருடப் பட்டில் அந்தப் பளபளப்பு வராது. ஆனால் புது ரிப்பன் இருந்தால் சிலுவையும் போலி என்று அர்த்தமில்லை. பேரன் கல்யாணத்துக்கு முன் பாட்டனின் பதக்கத்துக்குப் புது நாடா மாட்டாத குடும்பம் எது?

பட்டயம் கையில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. பெயர், படிநிலை, தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதிலேயே இருக்கும். அடுத்த படி அரசிதழ். 1661இல் தொடங்கிய காசேட்டாவின் பழைய இதழ்களை ஸ்பானிய அரசிதழ் அலுவலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. பெயரைத் தட்டித் தேடலாம். சிறிய படிநிலைகள் எல்லாம் அதில் வராது. அப்போது அந்தக் காலத்து ஆண்டு வழிகாட்டி நூல்களுக்குப் போக வேண்டும். விருது பெற்றவர்களின் பட்டியலை அவை வருடா வருடம் அச்சிட்டன. விருதுகளின் சட்டங்களுக்கும் வடிவ மாற்றங்களுக்கும் ஹோசே மானுவேல் பேரெஸ் கெர்ராவின் 1800-1975 தொகுப்பு நூலைச் சேகரிப்பாளர்கள் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு என்பதே குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வீட்டுப் பெரியவர் இறந்ததும் சிலுவையையும் பட்டயத்தையும் பிரித்துவிடுவார்கள். மின்னுவது ஒரு பிள்ளைக்கு, பழுத்த காகிதம் குப்பைக்கு. சில வியாபாரிகளும் சட்டம் போட்டுத் தொங்கவிட அழகாயிருக்கும் என்று பட்டயத்தைத் தனியாக விற்பதுண்டு. அந்தக் கணத்தில் சிலுவை யாருடையதும் இல்லாமல் போகிறது.

வாங்கியதை ஸ்பெயினுக்கு வெளியே கொண்டுபோவதிலும் கவனம் வேண்டும். 1985ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாரம்பரியச் சட்டப்படி, நூறு வயது கடந்த பாரம்பரியப் பொருளை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்ல முன்அனுமதி தேவை. இந்தக் கணக்கில் வேலி ஒவ்வொரு ஆண்டும் ஓர் அடி நகர்ந்துகொண்டே வருகிறது. அரசருக்கு மரியாதை செலுத்த மாட்ரிடில் கூடிய மேயர்களின் பதக்கம் நூறைத் தொட்டுவிட்டது. உழைப்புப் பதக்கமும் மெரிட்டோ சிவிலும் நிறுவப்பட்டு 2026இல் நூறு ஆண்டு நிறைகிறது. அவற்றின் முதல் வருடச் சிலுவைகளை மலிவு என்று நினைத்துப் பெட்டி பெட்டியாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இனிமேல் ஒரு விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கும்.